ஞானப்பிரகாசத்தின் பொதுப் பலகை

"மேடம், ரத்தப் பை லேபிள்ல எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கினேன். ஃப்ரிட்ஜ் அலாரம் நின்னு போச்சு."

இதைச் சொன்ன ஞானப்பிரகாசத்துக்கு ஐம்பத்தாறு வயது. மேடத்துக்கு முப்பத்தொன்று. பெயர் நிலோஃபர். எங்கள் மதுரை அலுவலகத்தின் புரோகிராம்களை ஒழுங்குபடுத்த வந்தவர். குரு என்றால் தாடி வேண்டும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு ரத்த வங்கிக்கான அந்தப் புரோகிராமைப் பதினொரு வருடமாக ஞானப்பிரகாசம் தனியாளாக எழுதிவந்தார். எதைத் தொட்டாலும் வேறெங்கோ உடையும். எங்கே என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"பதினொரு வருஷம் ஓட்டிட்டீங்க. இப்ப என்ன சார் அவசரம்?"

"மகளுக்குத் தலைப்பிரசவம். தூத்துக்குடில அவ அத்தை வீட்டுல இருக்கா. தாயில்லாப் பிள்ளை மேடம், நான் பக்கத்துல இருக்கணும். முதலாளி லீவு தரமாட்டேங்கிறார். புரோகிராமையும் கூடவே கூட்டிட்டுப் போறதா இருந்தா போங்கன்றார்."

"இன்னும் எத்தனை மாசம்?"

"நாலு."

நிலோஃபர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"லேபிள் பகுதி என்ன செய்யுதுன்னு சொல்லுங்க."

ஞானப்பிரகாசம் ஆரம்பித்தார். ஃப்ரிட்ஜில் தொடங்கி, ரத்தம் கொடுத்தவரின் விலாசத்துக்குப் போய், என்றோ மாறிய ஒரு அரசு விதியைச் சுற்றி வந்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது.

"இன்னும் லேபிள் வரலையே சார்," என்றார் நிலோஃபர்.

இரண்டு வாரம் கழித்து ஞானப்பிரகாசம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"ஏழு பகுதியாப் பிரிச்சுட்டேன் மேடம்."

"எப்படிப் பிரிச்சீங்க?"

"ஒவ்வொண்ணுலயும் மூவாயிரம் வரி. கரெக்டா."

நிலோஃபர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தச் சிரிப்பின்மேல் யாராலும் கோபப்பட முடியாது. ஞானப்பிரகாசமும் சிரித்துவிட்டார்.

"கேக் வெட்டியிருக்கீங்க சார்."

"வேற எப்படி வெட்டறது?"

"இதுல எதெல்லாம் பின்னாடி மாறும்?"

கேட்டுவிட்டு நிலோஃபர் சாப்பிடப் போய்விட்டார்.

ஞானப்பிரகாசம் சாப்பிடப் போகவில்லை. லேபிள் மாறும். ஃப்ரிட்ஜ் புதிதாக வரும். அரசு விதி கண்டிப்பாக மாறும். ஒவ்வொன்றாக எழுதிச் சுவரில் ஒட்டினார்.

அதன்பின் மூன்று மாதம், மாறக்கூடிய ஒவ்வொன்றுக்கும் புரோகிராமுக்குள் தனி வீடு கட்டி, ஒரே ஒரு வாசல் வைத்தார். சில நாள் திரையைப் பார்த்து, "அது உன் வேலை இல்லப்பா," என்று அதட்டிக்கொண்டிருப்பார். எங்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

நிலோஃபர் எல்லாவற்றையும் படித்துப் பார்த்தார். தலையாட்டிக்கொண்டே வந்தவர் கடைசியில் நின்றார்.

"பொதுப் பலகைன்னு ஒண்ணு இருக்கே. என்ன சார் இது?"

"சும்மா, அவசரத்துக்கு. எந்தப் பகுதியும் இதுல எழுதலாம், அழிக்கலாம்."

"யார் எழுதினதுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

நிலோஃபர் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே எடுத்துருங்க."

ஞானப்பிரகாசம் தொடவில்லை.

"இதை எடுத்துட்டா," என்றார், "அப்புறம் என்னை யாரு மேடம் கூப்பிடுவா?"

சொல்ல நினைத்துச் சொன்னதல்ல அது. பக்கத்து மேசையில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்படியொரு பலகை என்னிடமும் இருந்தது.

நிலோஃபர் இந்த முறை சிரிக்கவில்லை. எழுந்துபோய் இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை அவர் முன்னால் வைத்தார். இருவரும் குடித்தார்கள்.

டம்ளரை வைத்துவிட்டு ஞானப்பிரகாசம் பலகையை அழித்தார்.

புரோகிராம் பத்தொன்பது இடத்தில் உடைந்தது. நானும் எங்கள் அலுவலக மாரிச்சாமியும் சரிசெய்ய ஆளுக்குச் சில பகுதிகளை வாங்கிக்கொண்டோம். அந்தப் புரோகிராமை இன்னொருவர் கை தொட்டது அதுதான் முதல் தடவை. ஞானப்பிரகாசம் எங்கள் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பச் சிரமப்பட்டு வாயை மூடிக்கொண்டு நின்றார்.

எட்டாம் நாள் மத்தியானம் மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, டாக்டர் இப்பவே அட்மிட் ஆகச் சொல்றாங்க."

நாள் கணக்குக்கு ஒரு வாரம் முன்னதாகவே. ஞானப்பிரகாசம் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். வாசலில் நின்றுவிட்டார். இன்னும் நான்கு இடம் பாக்கி இருந்தது. திரும்பி எங்களைப் பார்த்தார்.

"இவங்ககிட்ட ஏதாவது சொல்லிட்டுப் போகணுமா சார்?" என்று கேட்டார் நிலோஃபர்.

ஞானப்பிரகாசம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"பிள்ளை பொறந்ததும் போன் பண்றேன்னு சொல்லுங்க," என்றார்.