கை காட்டினால் நிற்கும் பஸ்

ஓடைக்கரைப்பட்டியில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே இல்லை. என்ன, அவர்களில் ஒருத்தர்கூட விடிவெள்ளி நற்பணி மன்றத்தில் சேரவில்லை, அவ்வளவுதான். மன்றத்தில் மொத்தம் நாலு பேர். தலைவர் தணிகாசலம், செயலாளர் அருளப்பன், பெயின்ட் அடிக்கும் காதர்மைதீன், அப்புறம் பிச்சுமணி. நாலு பேருக்கும் தங்கமான மனசு. மனசைச் செய்ததோடு களைத்துப்போய்க் கடவுள் மீதி வேலையை அப்படியே விட்டுவிட்டார் போலிருக்கிறது.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு வேஷம் செய்து கொடுப்பதுதான் மன்றத்தின் சேவை. போன வருஷம் தலைமையாசிரியை, "மேடைக்கு ஏற ஒரு சாய்தளம் போட்டுக் குடுங்கப்பா" என்றார். போட்டார்கள்.

"ஏறிடுவாங்க தலைவரே, இறங்குறது எப்படி?" என்று கேட்டார் பிச்சுமணி.

நியாயமான கேள்வி. மேடையின் மறுபக்கம் இறங்குவதற்கென்று இன்னொரு சாய்தளம் போட்டார்கள். ஏறின வழியிலேயே இறங்கலாம் என்பது இன்றைய தேதிவரை அந்த நாலு பேருக்கும் தெரியாது.

இந்த வருஷம் பொற்கொடி கூப்பிட்டு அனுப்பினாள். ஒன்பது வயசு. வாய் மட்டும் இருபது வயசுக்கு இருக்கும்.

"மாமா, போன வருஷம் என்னைத் திருவள்ளுவர் ஆக்கினாங்க. அதுக்கு முந்தி தமிழ்த்தாய். உக்காந்தே இருக்குற ஆளாத் தேடித் தேடி என் தலையில கட்டுறாங்க. இந்த வாட்டி நான் டவுன் பஸ். மேடையில இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போவேன்."

"என்ன பஸ் பாப்பா?" என்றார் காதர்மைதீன்.

"கை காட்டினா நிக்கிற பஸ்."

அதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் தெருவழியாகப் போகிற ஏழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர், நாற்காலியைத் தூரத்தில் பார்த்தாலே ஆகாயத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நாற்காலி இல்லாத நாளிலும் அவர்கள் வீட்டு ஸ்டாப்பிங்கில் நிற்பதே இல்லை. பொற்கொடியும் அவள் அம்மா சரளாவும் கை காட்டிக் காட்டிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

சரளா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதையும் மருந்துச் சீட்டு மாதிரி சுருக்கமாகத்தான் சொல்லுவாள். "அண்ணே, சேர் மேல ஒரு குண்டூசி பாரம் ஏறக் கூடாது. அவ கை சக்கரத்துக்கு எட்டணும். மத்தபடி பாப்பா சொல்றதை அப்படியே செய்யுங்க. முதல்ல போய் அளவெடுங்க."

பஸ் செய்யத்தானே அளவு? நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். ஏழாம் நம்பரின் பின்னால் இருந்த தூணில் அருளப்பன் டேப்பின் ஒரு நுனியை வைத்துப் பிடித்துக்கொண்டார். பிச்சுமணி மறுநுனியோடு முன்படியில் ஏறி நின்றார். பஸ் கிளம்பிவிட்டது. டேப் அறுந்ததே தவிர பிச்சுமணி பிடியை விடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து நடந்து வந்து சேர்ந்தார்.

"எழுதிக்குங்க. நீளம், பஸ் ஸ்டாண்டுல இருந்து தாலுகா ஆபீஸ் வரைக்கும்."

"அவ்வளவு நீளமாவா இருக்கும்?" என்றார் அருளப்பன்.

தணிகாசலம் கண்ணை மூடி யோசித்தார். "நிக்கிற பஸ்ஸை அளந்தா சின்னதா இருக்கும். இது ஓடுற பஸ்ஸு. பாப்பா ஓடுற பஸ்தான் கேட்டுச்சு."

நல்லவேளை, பொற்கொடி காதுக்கு விஷயம் போனது. தலையில் அடித்துக்கொண்டாள். "என் சேரை அளங்க மாமா! சுத்தி ஒரு சாண் விட்டுச் செய்யுங்க!"

யாருடைய சாண் என்று அவள் சொல்லவில்லை. வம்பு வேண்டாம் என்று நாலு பேரும் ஆளுக்கு ஒரு சாண் விட்டார்கள்.

பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளை ஒட்டி, பச்சை பெயின்ட் அடித்து, ஜன்னல் வெட்டி, பஸ் தயாரானது. பார்க்க அசல் பஸ்தான். ஜன்னலுக்கு மேலே 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று காதர்மைதீன் அழகாக எழுதியும்விட்டார். ஆனால் நாற்காலிமேல் குண்டூசி பாரம் ஏறக் கூடாதே? அரை நாள் விவாதித்தார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு மூலையாக உள்ளே நின்று, கயிற்றைத் தோளில் மாட்டிப் பஸ்ஸைச் சுமந்து நடப்பது, பாப்பா நடுவில் தன் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டு வருவது என்று தீர்மானமாயிற்று.

போட்டி நாள் வந்தது. ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷம். பஸ் மேடை ஏறியது. பொற்கொடி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள். மத்தியானம் வந்துவிடுகிறேன் என்று சொன்ன அம்மாவைக் காணோம்.

"பாப்பா, கரம் சிரம் புறம் நீட்டாதீர்" என்றார் காதர்மைதீன்.

"நீங்க எழுதினதுதானே மாமா அது!"

"எழுதினது நான்தான். அதுக்காக சட்டத்தை மீறலாமா?"

பஸ் இரண்டடி போனது. கூட்டத்தில் ஒரு பிள்ளை சந்தோஷத்தில் கையை ஆட்டியது. நாலு பேரும் டக்கென்று நின்றார்கள். பொற்கொடி "ரைட்!" என்றாள். இன்னொரு கை ஆடியது. மறுபடியும் நின்றார்கள். அப்புறம் முந்நூறு பிள்ளைகளும் கையை ஆட்ட ஆரம்பித்துவிட்டன.

"போங்க மாமா! நேரம் ஆகுது!"

"எப்படிப் போறது பாப்பா? கை காட்டினா நிக்கணும்னு நீதானே சொன்னே?"

தலைமையாசிரியை மேடை ஓரத்திலிருந்து, "போங்க, போங்க!" என்று இரண்டு கையையும் வீசினார்.

"ரெண்டு கையால காட்டுறாங்க, அவசரம் போல" என்று தணிகாசலம் பஸ்ஸை அவர் பக்கமாக நகர்த்தி, "ஏறுங்க டீச்சர்" என்றார். இவர்களைத் தள்ளியாவது விடுவோம் என்று அவரும் உள்ளே ஏறினார்.

இன்னும் அரை நிமிஷம்தான். பொற்கொடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சட்டமாவது ஒன்றாவது என்று தலையை வெளியே நீட்டி, "எல்லாரும் ரெண்டு கையையும் சேத்துத் தட்டுங்க!" என்று கத்தினாள்.

முந்நூறு பிள்ளைகளும் கை தட்டின. தட்டுகிற கையால் பஸ்ஸை நிறுத்த முடியுமா? பொற்கொடி சக்கரத்தை உந்தினாள் பாருங்கள், நாலு பேரும் ஓட வேண்டியதாயிற்று. மணி அடிக்கும்போது பஸ் அந்தக் கோடியைத் தொட்டுவிட்டது. யாரும் கை காட்டாததால் அங்கேயும் நிற்காமல், இறங்குகிற சாய்தளத்தில் இறங்கி, கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கே வந்துவிட்டது.

"என்னை இறக்கி விடுங்கய்யா!" என்றார் தலைமையாசிரியை.

"ஸ்டாப்பிங் வரட்டும் டீச்சர்" என்றார் பிச்சுமணி.

வழியில் வெங்காய மூட்டையோடு ஒரு பெரியவர் கை காட்டினார். நின்றார்கள். ஏறிக்கொண்டார். பின்னால் ஏழாம் நம்பர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. குறுகலான தெரு, முந்த வழியில்லை. பொற்கொடி வீட்டு ஸ்டாப்பிங்கில் சரளா முக்கால் மணி நேரமாகக் கை காட்டிக்கொண்டு நின்றாள். அட்டை பஸ் நின்றது. வேறு வழியில்லாமல் ஏழாம் நம்பரும் அந்த ஸ்டாப்பிங்கில் முதல்முறையாக நின்றது.

"எங்கம்மா போகணும்?" என்றாள் பொற்கொடி.

"உன் போட்டியப் பாக்கத்தான்டி!" சரளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் கதவைத் திறந்தபடி நின்ற நிஜ பஸ்ஸை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்துவிட்டு அட்டை பஸ்ஸில் ஏறினாள்.

"உங்க பொண்ணுக்குத்தாம்மா முதல் பரிசு" என்றார் தலைமையாசிரியை. "என்னை மட்டும் இறக்கிவிடச் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்."

அவரை இறக்கிவிட்டார்கள். வெங்காயப் பெரியவரும் தன் வீட்டு வாசலில் இறங்கினார். நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, "பஸ்ஸு நல்லாத்தான் இருக்கு. கூட்டமும் இல்ல. ஆனாலும் கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டேதானே வந்தேன்" என்று அங்கலாய்த்தார்.

"நாளைக்கு முன்கூட்டியே வந்து துண்டு போட்டுருங்க ஐயா" என்றார் பிச்சுமணி.

மறுநாள் விடிந்தது. மன்றத்து வாசலில் நின்ற அட்டை பஸ்ஸின் ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கிடந்தது. வெங்காயப் பெரியவர் துண்டுக்குக் கடைசி ஜன்னல்தான் கிடைத்தது. முதல் நாலு ஜன்னலையும் தணிகாசலமும் மற்ற மூவரும் விடியுமுன்னே வந்து பிடித்துவிட்டார்கள்.