பின்வாசலில் ஒரு கார்

மாநிலங்களவைத் தேர்தல் வந்தால் ஜனநாயகத்தைக் கடலோர விடுதியில் பூட்டி வைப்பது எங்கள் மாநில வழக்கம். அந்த முறையும் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்களை அங்கே அடைத்தார்கள். கொறடா மார்த்தாண்டன் அவர்களுடைய செல்போன்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அதன்பின் வெளியுலகச் செய்தி எதுவானாலும், காபி கொண்டுபோகும் விடுதி ஊழியன் சடையாண்டி சொன்னால்தான் உண்டு.

கொறடா அவனைக் கூப்பிட்டார்.

"எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடப்போற துரோகி ஒருத்தன் இங்க இருக்கான்டா. சாயங்காலத்துக்குள்ள யாருன்னு சொல்லணும். இல்லேன்னா உன் வேலை போயிடும்."

"உளவுத்துறையே கண்டுபிடிக்கலீங்களே, ஐயா?"

"அவங்களா காபி கொடுக்கறாங்க? எல்லா ரூமுக்கும் நீதானடா போற?"

"சரிங்க. ஒரு ரூம் விடாமப் போறேனுங்க."

மாலைக் காபியோடு சடையாண்டி ஒவ்வொரு அறையிலும் ஒரே செய்தியைக் கிசுகிசுத்தான்: "எதிர்க்கட்சிக் கார் பின்வாசல்ல நிக்குது. உங்களை மட்டும் வரச் சொன்னாங்க."

காபி ஆறுவதற்குள் பின்வாசலில் நெரிசல். கட்சிக்காக உயிரையே கொடுப்பேன் என்று காலையில் சத்தியம் செய்தவர், அவசரத்தில் செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தார். எல்லோரும் காற்று வாங்க வந்ததாகச் சொன்னார்கள், கையில் பெட்டியோடு.

கடைசியாகப் பெட்டியோடு வந்தவர் கொறடா.

சடையாண்டி கைகட்டி நின்றான். "ஒரு ரூம் விடலீங்க ஐயா, உங்க ரூம் உட்பட. துரோகி யாருன்னு இப்பச் சொல்லட்டுங்களா? இல்ல, என் வேலை போயிடுச்சுங்களா?"

கொறடா கூட்டத்தைப் பார்த்தார். "உன் வேலை எங்கயும் போகாது" என்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்தக் கார் எங்கப்பா?"