கேட்டமரானின் பிறந்த வீடு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த காலத்தில், கடலோர ராஜ்யம் ஒன்றுக்கு ஆங்கிலேய மாலுமி ஒருவன் வந்தான். இரண்டு ஓடங்களை ஒரே தளத்தால் இணைத்த பளபளப்பான படகில் வந்தான். அதற்குத் தன் மொழியில் ‘கேட்டமரான்’ என்று பெயர் சொன்னான். ராஜா மயங்கிப்போனார்.

அரசவை விகடகவி நக்கண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. “அரசே, அது நம் மீனவர்களின் கட்டுமரத்தின் பெயர். அந்தப் பெயர்தான் கடல் தாண்டிப் போய், நாக்கு சுளுக்கித் திரும்பியிருக்கிறது” என்றான்.

மந்திரி தருமசேனருக்கு நக்கண்ணனைக் கண்டாலே ஆகாது. பல்லக்கில் ஏறிக் கரைக்குப் போனவர் உச்சிவெயிலில் திரும்பினார்.

“அரசே, கரையில் கட்டுமரம் எதுவும் இல்லை. மணலில் வெறும் கட்டைகள் கிடக்கின்றன. சபையில் பொய் சொன்ன இவனை நாடு கடத்துங்கள். கட்டைகளை மடைப்பள்ளிக்கு விறகாக அனுப்புங்கள்.”

“நக்கண்ணா, பொழுது சாய்வதற்குள் அந்தக் கட்டைகள் கடலில் போக வேண்டும். இல்லையேல் மந்திரி சொன்னபடியே நடக்கும்” என்றார் ராஜா.

“உத்தரவு அரசே. தாங்களும் வந்து பாருங்கள்.”

ராஜாவும் மந்திரியும் மாலுமியும் உடன் வர, நக்கண்ணன் கரைக்குப் போனான். அங்கே மீனவன் கடலாண்டி பதறிப்போய் நின்றான். “எங்க மரத்த அடுப்புல வைக்கப் போறாங்களாமே சாமி? அதுதான எங்களுக்குச் சோறு.”

“அடுப்புக்குப் போகாது, கவலையை விடு. விடியலில் நீ செய்கிற வேலையை இப்போதே செய்” என்றான் நக்கண்ணன்.

கடலாண்டி கட்டைகளைச் சேர்த்து வைத்தான். கயிற்றை இறுக்கிக் கட்டி, அலை தாண்டிப் போய்த் திரும்பினான். வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளை மணலில் பரப்பினான். மந்திரிக்கு முகம் செத்துவிட்டது.

“ஏனப்பா பிரிக்கிறாய்?” என்றார் ராஜா.

“ஊறுன மரம் கனக்கும் ராசா. காயப் போட்டாத்தான் மறுக்கா நல்லா மெதக்கும்.”

நக்கண்ணன் மாலுமியைப் பார்த்தான். “ஐயா, உங்கள் படகையும் கட்டு அவிழ்த்துக் காயப் போடுங்களேன்.”

மாலுமி தலையைச் சொறிந்தான். “இதில் ஏது கட்டு? எல்லாம் பலகையும் ஆணியும்தான்.”

“கேட்டீர்களா அரசே? கட்டு இங்கேயே இருக்கிறது, பெயர் மட்டும் கப்பலேறிவிட்டது. போன ஊரில் இரட்டைப் படகுக்கு அதைச் சூட்டிவிட்டார்கள். சூட்டிக்கொள்ளட்டும், நமக்கு நஷ்டமில்லை. ஆனால் பெயர் கொடுத்த மரத்தை நாமே விறகாக எரிக்கலாமா?”

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி நக்கண்ணனுக்குப் போட்டார். இனி எவரும் கரையிலிருக்கும் கட்டைகளைத் தொடக் கூடாது என்று கடலாண்டிக்கு வாக்குக் கொடுத்தார்.

“மந்திரியார் கட்டுமரத்தை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. நாளை அவரையும் கடலுக்குக் கூட்டிப்போ” என்றும் சொன்னார்.

மறுநாள் உச்சிவெயிலில், தலைமுதல் கால்வரை நனைந்து திரும்பிய தருமசேனர், கட்டைகளோடு கட்டையாக மணலில் காய்ந்துகொண்டிருந்தார்.