யார் போட்ட டிசைன்?

பல்லடத்தில் பைக் மெக்கானிக்காக இருந்த கோகிலவாணி, ஒரே ஓர் ஆள் பறக்கிற விமானத்தைத் தானே டிசைன் போட்டுக் கட்டிவிட்டாள். பறக்கவிட மைதானம் வேண்டுமே! அது மில் முதலாளி தண்டபாணியுடையது. "டிசைன் என்னுதுன்னு ஊர் முன்னால சொல்லோணும். இல்லாட்டி கேட்டைப் பூட்டிருவேன்" என்றார் அவர்.

கூடிய கூட்டத்தின் முன் அவள் மைக்கைப் பிடித்தாள். "டிசைன் முதலாளியோடதுங்க! டிசைன் போட்டவங்கதான் முதல்ல ஏறிப் பறக்கோணும், அதுதான் விமானம் கட்டறவங்க வழக்கம். வாங்க முதலாளி!" என்று ஹெல்மெட்டை நீட்டினாள்.

தண்டபாணிக்குக் குப்பென்று வேர்த்தது. மைக்கைப் பிடுங்கினார். "சத்தியமா இந்தப் புள்ள போட்டதுதானுங்க!"

கோகிலவாணி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். தன் உடம்புக்கு அளவெடுத்துச் செய்த இருக்கை அது. தண்டபாணி பயந்திருக்கவே வேண்டாம். அவர் தொப்பை அதில் நுழைந்தே இருக்காது.