கானேவாலியின் கதவில்லாத வாசல்

ஆடுமாடும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பஞ்சாபில் ஓர் ஆற்றங்கரையில் கானேவாலி என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர்ச் சீக்கியர்களுக்குத் தங்களுக்கென்று ஒரு குருத்வாரா வேண்டும் என்று ஆசை வந்தது. ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த மேட்டைப் பார்த்து வைத்தார்கள். கட்டும் வேலையைப் பக்தாவர் சிங் என்ற கொத்தனாரிடம் கொடுத்தார்கள்.

பக்தாவர் சிங் கட்டினால் சுவர் நூல் பிடித்தாற்போல் நிற்கும். மனிதர்தான் கொஞ்சம் முசுடு. தான் கட்டிய சுவரில் யாராவது முதுகைச் சாய்த்தால்கூட முகம் கடுத்துவிடும்.

“கிழக்கே, ஊரைப் பார்த்து ஒரு வாசல் போதும்” என்றார் ஊர்ப் பெரியவர் சௌத்ரி ஜவந்த் சிங். “மேற்கே வாசல் வைத்தால் ஆற்று மணல் முழுவதும் உள்ளேதான் கிடக்கும். விளக்கு ஒரு நாழிகை நிற்காது.”

அதுவும் நியாயம்தான். பக்தாவர் சிங் மற்ற மூன்று பக்கமும் மூடிச் சுவர் எழுப்பினார். மேற்குச் சுவரை எல்லாவற்றிலும் கனமாகக் கட்டினார். மேலே, கவிழ்த்து வைத்த தாமரை போல ஒரு குவிமாடம். சுண்ணாம்பும் செங்கற்பொடியும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்தால் கட்டியது அது. காய்ந்து இறுக நாளாகும். சாரத்தைப் பிரித்த மறுநாளே ஒரு புறா உள்ளே வந்து மாடத்தின் விளிம்பில் கூடு வைத்தது.

“உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?” என்று கத்தினார் பக்தாவர் சிங்.

“முட்டை இட்டாயிற்று ஐயா, இனி எங்கே போவேன்?” என்றது புறா. அவர் முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டார்.

சாந்து காய்வதற்குள் மழை முந்திக்கொண்டது. மலைப்பக்கம் கொட்டித் தீர்த்ததில், ஒருநாள் காலை ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. கைக்குழந்தையும் கோதுமை மூட்டையுமாக ஊரே மேட்டில் ஏறிக் குருத்வாராவுக்குள் வந்துவிட்டது. பக்தாவரின் மனைவி இச்சர் கௌர் ஒரு மூலையில் அடுப்பு மூட்டினாள். உயரமான பீடத்தில் பட்டுத் துணி போர்த்திய அவர்களுடைய புனித நூலான கிரந்தம் இருந்தது. அதன் முன்னால் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கிழக்கே படிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயின.

அப்போது வெளியே போயிருந்த புறா மாடத்துக்கடியில் இருந்த சிறு சாளரம் வழியாக நனைந்து வந்து விழுந்தது.

“மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நிற்கிறார்கள் ஐயா! ஆற்றுத் திட்டில் நாணல் வெட்டுகிறவர்கள். குழந்தைகளும் இருக்கின்றன. சுற்றி வர வழியில்லை, மேட்டின் இரண்டு பக்கத்தையும் வெள்ளம் அரித்துவிட்டது. கால் வைக்கத்தான் இடம் இருக்கிறது. அதுவும் கரைகிறது.”

பக்தாவர் சிங் ஓடிப்போய்ச் சுவரில் காதை வைத்தார். யாரோ கையால் அடிப்பது மட்டும் லேசாகக் கேட்டது. கூப்பிடுவது கேட்கவில்லை. இந்தச் சுவரின் கனத்தைச் சொல்லிச் சொல்லி அவர் எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பார்! அந்தக் கனம்தான் இப்போது குரலை விழுங்கிக்கொண்டிருந்தது.

கடப்பாரையை எடுத்தார். சௌத்ரி குறுக்கே வந்து நின்றார்.

“பக்தாவர், மேலே பார். சாந்து இன்னும் பச்சை. சுவரைத் தொட்டால் மாடம் நிற்குமா?”

பக்தாவர் சிங்கால் பொய் சொல்ல முடியவில்லை. “தெரியாது” என்றார்.

“உள்ளே நம் பிள்ளைகள் இருக்கிறார்களே!”

“வெளியே இருப்பதும் பிள்ளைகள்தான்.”

சொல்லிவிட்டாரே தவிர, கடப்பாரையை ஓங்கவில்லை. இச்சர் கௌர் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

“நீங்கள் கட்டினது சுவரைக் கும்பிடவா?” என்று மட்டும் கேட்டாள்.

அவர் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டார். “கிரந்தத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு எல்லோரும் கிழக்கு ஓரம் போங்கள். விழுந்தால் என்மேல் விழட்டும்” என்றார்.

முதல் இடி இடித்தார். தன் கையால் வைத்த செங்கல் தன் கையாலேயே உடைந்தது. இரண்டாவது இடியில் மேலேயிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. மூன்றாவதற்கு ஓங்கியபோது பக்கத்தில் ஏதோ தடாலென்று விழுந்தது. திரும்பினால் சௌத்ரி நின்றுகொண்டிருந்தார். மூட்டை ஏற்றி வந்த தன் வண்டியின் நுகத்தடியையும் ஏர்க்காலையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

“என்ன பார்க்கிறாய்? எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும், அதைச் சொல்!”

முட்டுக் கொடுத்தார்கள். ஓட்டை விழுந்தது. அதன் வழியே ஒரு பெண்ணின் கை முதலில் குழந்தையை நீட்டியது. அவள் பெயர் நூரான். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊர்ந்து வந்தார்கள். கடைசியில் ஒரு கறுத்த தலை நுழைந்தது. நூரானின் எருமை. கொம்போடு தலை வந்துவிட்டது, வயிறு வரவில்லை.

“மூச்சை உள்ளே இழு” என்றார் பக்தாவர் சிங்.

“இழுத்துத்தான் இருக்கிறேன்” என்றது எருமை பரிதாபமாக. “நான் சினை. பின்னங்காலுக்குக் கீழே மண் போய்க்கொண்டிருக்கிறது. முடியாதென்றால் சொல்லிவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.”

பக்தாவர் சிங் பக்கவாட்டில் இடித்தார். நுகத்தடி கறகறவென்று முனகியது. சௌத்ரி தன் தோளையும் கொடுத்தார். நாணல் வெட்டிகளும் ஊர்க்காரர்களும் அவரோடு சேர்ந்து தோள் கொடுத்தார்கள். மாடத்தின் அடியில் கோடு போல ஒரு விரிசல் ஓடி, பாதியில் நின்றது. எருமை உள்ளே வந்து விழுந்தது. அது நின்ற மண் அடுத்த கணம் ஆற்றோடு போயிற்று.

மாடம் விழவில்லை. அன்று இச்சர் கௌர் நனைந்த கோதுமையைக் கஞ்சியாகக் காய்ச்சினாள். யார் பக்கத்தில் யார் என்று பார்க்க அங்கே இடமில்லை. எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து குடித்தார்கள்.

வெள்ளம் வடிந்து வெயில் அடித்தது. பக்தாவர் சிங் சாந்து குழைத்துக்கொண்டு மேற்குச் சுவரை அடைக்கப் போனார். பூசும் கரணையை எடுத்துக்கொண்டு ஓட்டைக்கு முன்னால் குனிந்தார். ஓட்டை வழியாக ஆறு தெரிந்தது, கரையில் புதுக் குடிசை போடுகிற நூரானும் தெரிந்தாள்.

“அடைக்கட்டுமா?” என்று சௌத்ரியைக் கேட்டார்.

“அடைத்துவிட்டு அடுத்த மழைக்கு மறுபடி இடிப்பாயா?”

“மணல் வருமே.”

“வந்தால் பெருக்குவோம். நானே பெருக்குகிறேன்.” சௌத்ரி மற்ற இரண்டு சுவர்களையும் பார்த்தார். “ஆமாம், வடக்கே ஒருவன் மாட்டிக்கொண்டால்? தெற்கே?”

பக்தாவர் சிங் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அந்த ஊர் பார்த்தது அதுதான் முதல் தடவை. சாந்து இறுகியதும் வடக்கிலும் தெற்கிலும் அளந்து, அழகான வளைவு வைத்து வாசல் திறந்தார். மேற்கே மட்டும் எதையும் நேராக்கவில்லை. உடைந்த விளிம்புக்குப் பூச்சு மட்டும் பூசினார்.

கானேவாலி குருத்வாராவுக்கு நான்கு திசையிலும் வாசல் வந்தது அன்று முதல்தான். அதில் மேற்கு வாசல் மட்டும் குட்டையாக, ஒரு சினை எருமையின் அகலத்துக்குக் கோணலாக இருப்பதும், அதற்கு மட்டும் இன்றுவரை யாரும் கதவு போடாததும் அதனால்தான்.