அடிக்காமல் விட்ட வரி

ஒரு தாளை நம்பி ஓர் உயிர் இருந்தது. அந்தத் தாளால் மூன்று பேர் குற்றவாளிகளாக நின்றார்கள். கேட்பவர்கள் பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். முடிவில் நானே கேட்கிறேன்.

தாமிரபரணிக் கரையில் ஒரு நகரம். அங்கே ஒரு செவிலியர் கல்லூரி. நோயாளி வீடு திரும்பும்போது எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று தமிழில் ஒரு தாள் எழுதிக் கொடுப்பது மூன்றாம் ஆண்டு மாணவிகளின் பயிற்சி. ஆசிரியை படித்துக் கையெழுத்திட்ட பிறகே அது நோயாளியின் கைக்குப் போகும்.

அந்த ஆண்டு கல்லூரி புதிதாக ஒரு விதி போட்டிருந்தது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதினால் அதைத் தாளின் அடியில் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டால் மதிப்பெண் பாதியாகும். அந்தத் தாளை ஆசிரியை வரிக்கு வரி சரிபார்ப்பார். மறைத்தது தெரிந்தால் ஓர் ஆண்டுப் படிப்பே போய்விடும்.

ஏகவல்லி நன்றாகப் படிக்கிறவள். ஒரே நாளில் நான்கு நோயாளிகளுக்குத் தாள் எழுத வேண்டியிருந்ததால், கடைசித் தாளைக் கைப்பேசியில் அந்தச் செயலியிடம் கேட்டு அப்படியே எழுதினாள். அடியில் எதுவும் குறிப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெபக்கனி பார்த்துவிட்டாள்.

"யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு ஏட்டி. ஒரு வருஷம் போச்சுன்னா வீட்ல படிப்பையே நிறுத்திருவாங்க" என்றாள் ஏகவல்லி.

ஜெபக்கனி சத்தியம் செய்தாள்.

ஆசிரியை லீலாவதியின் மேசையில் அன்று முப்பது தாள்கள் இருந்தன. உடன் பணிபுரியும் இருவர் விடுப்பு. முதல் பத்தைப் படித்தார். மீதிக்குக் கையெழுத்து மட்டும் போட்டார். அப்படிப் போன தாள்களில் ஒன்று, சுடலைமுத்துவுக்காக ஏகவல்லி எழுதிய அந்தக் கடைசித் தாள். சிறுநீரகம் பழுதான மனிதர். மனைவி பேச்சித்தாயுடன் மத்தியானப் பேருந்தில் ஊருக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை வகுப்பில் மருத்துவர் சிறுநீரக நோயைப் பற்றிப் பேசினார். "சிறுநீரகம் கெட்டவர்களுக்கு உடம்பில் பொட்டாசியம் தங்கிவிடும். இளநீர் கூடாது. வாழைப்பழம் கூடாது. அளவு மீறினால் இதயம் நின்றுவிடும்."

ஜெபக்கனியின் பேனா நின்றது. 'தினமும் ஓர் இளநீர் நல்லது.' ஏகவல்லியின் தாளில் அந்த வரியை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். திரும்பி ஏகவல்லியைப் பார்த்தாள். ஏகவல்லியும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் பேச்சித்தாயின் எண்ணுக்கு அழைத்தார்கள். அணைக்கப்பட்டிருந்தது. ஊர் இரண்டு மணி நேரத் தொலைவு. அங்குள்ள கிராமச் செவிலியரை அனுப்ப லீலாவதியால்தான் முடியும்.

"வா, போய்ச் சொல்லிருவோம்" என்றாள் ஜெபக்கனி.

"எப்படி எழுதினேன்னு கேப்பாங்க. என்னால முடியாது." என்றாள் ஏகவல்லி.

"சரி, இளநி வரி தப்புன்னு மட்டும் நான் சொல்லுதேன். மத்தத சொல்லல."

ஜெபக்கனி உள்ளே போனாள். ஏகவல்லி கதவுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றாள். உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது.

"வேற வரி எதுவும் தப்பா?" என்று கேட்டார் லீலாவதி.

"எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான் மேடம்."

அது பொய்யல்ல. ஏகவல்லி கெட்டிக்காரி, அவசரத்தில் ஓரிடத்தில் கை தவறியிருக்கும் என்று லீலாவதி எண்ணிக்கொண்டார். தாளைப் படிக்காமல் கையெழுத்திட்ட பயம் அவருக்கும் இருந்தது, மேலே கேட்கவில்லை. உடனே கிராமச் செவிலியரை அழைத்தார். அவர் ஒரு மணி நேரத்தில் அந்த வீட்டுக்குப் போய், இளநீர் வரியைப் பேனாவால் அடித்துவிட்டு வந்தார். சுடலைமுத்து அதுவரை இளநீர் குடிக்கவில்லை.

மூவருக்கும் மூச்சு வந்தது.

ஆறாம் நாள் சுடலைமுத்துவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால்களில் பலமில்லை; இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டே போனது. என்ன சாப்பிட்டார் என்று மருத்துவர் கேட்க, பேச்சித்தாய் தாளை நீட்டினாள்.

"இளநி வரிய நர்சம்மா அடிச்சிட்டாங்க. மத்ததெல்லாம் ஒண்ணு விடாம செஞ்சோம் சார்."

நான்காவது வரியில் மருத்துவரின் விரல் நின்றது. 'சாதாரண உப்புக்குப் பதிலாக, கடையில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பைச் சேர்க்கவும்.' அந்த உப்பில் சோடியத்தின் இடத்தில் இருப்பது பொட்டாசியம். ஐந்து நாளும் அவர் சோற்றில் அதுதான் விழுந்திருந்தது.

மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து சுடலைமுத்து பிழைத்தார். முதல் நாள் வாசலில் காத்திருந்த பேச்சித்தாய், அந்தப் பக்கம் வந்த ஏகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான எழுதுன? இதுல இன்னும் எத்தன வரி தப்பு தாயி?"

தான் எழுதிய தாளில் எது சரி, எது தவறு என்று தனக்கே தெரியவில்லை என்பது அப்போதுதான் ஏகவல்லிக்கு உறைத்தது. நேராக முதல்வர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். முதல்வர் மற்ற இருவரையும் அழைத்தார். படிக்காமல் கையெழுத்திட்டது தன் தவறு என்றார் லீலாவதி. தெரிந்தும் பாதியை மறைத்தது தன் தவறு என்றாள் ஜெபக்கனி.

இப்போது சொல்லுங்கள். இந்த மூவரில் யாருடைய தவறு பெரிது?

விடை: லீலாவதியின் தவறு சிறியதல்ல, ஆனால் தாளுக்குள் ஆபத்து இருப்பது அவருக்குத் தெரியாது. முதல் பிழை வெளிப்பட்ட காலையில், எல்லா வரிகளும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று தெரிந்தவர்கள் மாணவிகள் இருவர்தான். ஜெபக்கனி சத்தியத்தை மீறியிருக்க வேண்டும். இன்னொருவர் உயிரை விலையாகக் கேட்கிற சத்தியம் சத்தியமே அல்ல. ஆனாலும் அவளைத் தடுக்க ஒரு வாக்காவது இருந்தது. ஏகவல்லிக்கு அதுவும் இல்லை. "முழுத் தாளும் செயலிட்ட கேட்டு எழுதுனது மேடம்" என்று கதவுக்கு வெளியிலிருந்தே சொல்லியிருந்தால், லீலாவதி எல்லா வரிகளையும் பார்த்திருப்பார். தாளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையே அவள் மறைத்துவிட்டாள். அதனால் அவள் தவறே பெரிது. முதல்வரும் அப்படித்தான் தீர்ப்பளித்தார். ஏகவல்லிக்கு ஓர் ஆண்டு போயிற்று. வீட்டில் படிப்பை நிறுத்தவில்லை.