நயினார் வைத்த சிவப்புப் புள்ளி

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். இந்தக் கதையில் வரும் குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் பிரம்மசக்தி. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில், ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே டேட்டாபேஸ் மொத்தமும் அவள் பொறுப்பு.

சீடர் ஆறுமுகநயினாருக்கு நாற்பத்தேழு. தனியார் கல்லூரி ஒன்றில் காமர்ஸ் வாத்தியாராக இருந்தவர். கல்லூரியை மூடிவிட்டார்கள். மனுசன் அசரவில்லை. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் படித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்துவிட்டார். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

சுற்று வட்டாரத்து டயாலிசிஸ் மையங்களில் யாருக்கு எந்த நேரம், சாய்ந்து படுக்கிற நாற்காலிகளில் எது என்று ஒதுக்குவது இவர்களுடைய சர்வர்தான். நோயாளி வந்து பெயர் சொல்வார். நர்ஸ் கம்ப்யூட்டரில் தட்டுவார். சர்வருக்குள் இருக்கும் ப்ரொசீஜர் என்கிற சின்ன புரோகிராம் நாற்காலி எண்ணைச் சொல்லும். அது சொன்ன பிறகுதான் ஊசி.

நிஜ நோயாளிகளுக்கு ஓடுகிற சர்வர் லைவ்; பழகிப் பார்க்க வைத்திருக்கும் நகல் டெஸ்ட். வந்த நாளிலிருந்து நயினார் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"மேடம், லைவ்ல நான் எப்போ கை வைக்கலாம்?"

"டெஸ்ட்ல யார் யார் இருக்காங்க அண்ணாச்சி?"

"யாரு இருப்பாங்க? ஏஏஏ, பிபிபி, சிசிசின்னு நாமளே போட்ட பேருதானே."

"கொஞ்ச நாள் அவங்களோட இருங்க."

இதெல்லாம் ஒரு பதிலா என்று அவருக்குச் சுருக்கென்று வரும். காட்டிக்கொள்ள மாட்டார். அந்த வேகத்தையெல்லாம் புரோகிராம் எழுதுகிற எடிட்டரில் காட்டினார். அதோடு சேர்க்கிற எக்ஸ்டென்ஷன் எது கண்ணில் பட்டாலும் ஏற்றிக்கொள்வார். டேட்டா பட்டியல்களை விரித்துக் காட்ட ஒன்று, வரிகளை ஒழுங்காக அடுக்க ஒன்று. சர்வருக்குள் ஓடுகிற ப்ரொசீஜரை நடுவழியில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்க ஒன்று. இந்தக் கடைசி ஒன்றின் மேல்தான் அவருக்கு உயிர். ஒரு வரியின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி வைத்தால் போதும், ஓட்டம் அங்கே வந்து நிற்கும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பக்கத்துப் பெட்டியில் காட்டும். காமர்ஸ் வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன சந்தோஷம் வேண்டும்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் புகார் வந்தது. ஒரே நாற்காலியை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுகிறதாம். எப்போதாவதுதான், ஆனால் கொடுத்துவிடுகிறது.

பிரம்மசக்தி வேலையாக நாகர்கோவில் போயிருந்தாள். நயினார் டெஸ்டில் தலைகீழாக நின்று பார்த்தார். ஏஏஏவுக்கும் பிபிபிக்கும் ஒரு தகராறும் இல்லை.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவள் கொடுத்து வைத்திருந்த லைவ் பாஸ்வேர்டு கையில் இருந்தது. அவர் அந்த எக்ஸ்டென்ஷனைத் திறந்தார். லைவுக்குப் போகிற புதிய கனெக்ஷனுக்கு என்ன பெயர் என்று அது கேட்டது. பெயரா இப்போது முக்கியம்? வெறுமனே விட்டுவிட்டு உள்ளே போனார். ப்ரொசீஜரைத் திறந்து, சந்தேகப்பட்ட வரியில் சிவப்புப் புள்ளியை வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஓட்டம் வந்து நின்றது. பெட்டியில் ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு நாற்காலி எண். பெயர் அவர் மனசில் நிற்கவில்லை. கண் நேரே நாற்காலி எண்ணுக்குப் போனது. மெதுவாக, ஒவ்வொரு வரியாக நகர்த்தினார்.

அடடா! அகப்பட்டுவிட்டது!

வர முடியாது என்று ரத்து செய்தவர், மனசு மாறி வருகிறேன் என்றால், அவருடைய பழைய நாற்காலியையே ப்ரொசீஜர் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. அதற்குள் அதில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டாரா என்று பார்ப்பதே இல்லை. டெஸ்டில் இது எப்படித் தெரியும்? ஏஏஏ ரொம்ப ஒழுங்கானவர். ரத்து என்றால் ரத்து, மனசு மாறவே மாட்டார்.

நயினாருக்குத் தலைகால் புரியவில்லை. வாத்தியார் வேலை போன பிறகு இப்படிச் சிரித்ததே கிடையாது. இறங்கிப்போய் எதிர்க்கடையில் ஸ்ட்ராங்காக ஒரு டீ சொன்னார். கூடவே ஒரு வடை. டீக்கடைக்காரரிடம் ஊர்க்கதை பேசி, தெரிந்தவர் ஒருவர் வர, அவருக்கும் ஒரு டீ சொன்னார்.

ஓட்டத்தை நிறுத்தியவர் திரும்ப ஓட விடாமல் வந்துவிட்டார். நடுவில் நிற்கிற ப்ரொசீஜர் நாற்காலிப் பட்டியலைப் பிடித்துக்கொண்டே நிற்கும். அது விடுகிறவரை பின்னால் வருகிற எவருக்கும் நாற்காலி கிடையாது.

மாடிப்படி ஏறும்போதே எல்லாப் போனும் அடிப்பது கேட்டது. ஒன்றை எடுத்தார், ஒரு மையத்து நர்ஸ்.

"ஸ்க்ரீன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு சார், சுத்திக்கிட்டே இருக்கு! ஆளுங்க உக்காந்திருக்காங்க!"

நயினார் ஓடிப்போய் ஓட்டத்தை விட்டார். புள்ளியை எடுத்தார். மையங்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. பிறகு அந்தக் கனெக்ஷனையே அழித்தார்.

நாகர்கோவிலிலிருந்து பிரம்மசக்தி வந்ததும் எழுந்து நின்றார்.

"நான்தான் மேடம். லைவ்ல நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தப்பு அகப்பட்டுச்சா?"

"அகப்பட்டுச்சு."

"சரி பண்ணியாச்சா?"

"டெஸ்ட்ல பண்ணி வச்சிருக்கேன். ஓடுது."

"வாங்க."

ஸ்கூட்டரில் பின்னால் உட்காரச் சொன்னாள். வேலையை விட்டு அனுப்பப் போகிறாளா, முதலாளியிடம் கூட்டிப் போகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்தார். வண்டி பக்கத்து டயாலிசிஸ் மையத்தில் போய் நின்றது.

வெளி பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பிரம்மசக்தி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நயினார் நின்றார்.

"ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களாம்மா?"

"காலைல வந்தேன் தாயி. பேத்திக்குக் காய்ச்சல்னு முதல்ல வரலைன்னுட்டேன். பொறவு மூச்சு வாங்குச்சு, வந்துட்டேன். கம்ப்யூட்டர் நின்னுபோச்சுன்னாங்க. அப்புறம் நம்பர் குடுத்துச்சு, போய்ப் பார்த்தா அதுல ஒரு ஆள் படுத்திருக்காரு. அவரு எந்திரிக்கட்டும்னு இருக்கேன்."

"உங்க பேரு?"

"மரியபுஷ்பம்."

நயினாருக்கு அந்தப் பெட்டி கண்முன் வந்தது. நாற்காலி எண்ணுக்கு மேலே இருந்த பெயர்.

மரியபுஷ்பம் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நிக்கீங்களே தம்பி, முகமெல்லாம் வாடிக் கிடக்கு. ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. எனக்குத்தான் தண்ணிகூட அளந்து குடுக்காங்க. நீங்க குடிங்க."

நயினாருக்குக் கண் நிறைந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அம்மா, கம்ப்யூட்டரை நிறுத்தினது நான்தான். நீங்க இங்க உக்காந்திருக்கும்போது நான் டீ குடிச்சிட்டு இருந்தேன்."



"ஆளுதானா? நான் மிஷின்ல கோளாறுன்னுல்ல பயந்துட்டேன். ஆளுன்னா சரி பண்ணிருவீங்க."

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டார். நயினார் கை கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் எழுந்து, மெதுவாக உள்ளே போனார். அவர் படுத்து, ஊசி ஏறி, மிஷின் சுற்ற ஆரம்பிக்கிறவரை இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.



திரும்பி மாடிக்கு வந்ததும் பிரம்மசக்தி சொன்னாள்.

"நாளைக்குக் காலைலயும் யாராவது ரத்து பண்ணிட்டுத் திரும்ப வருவாங்க. திருத்தினதை இன்னைக்கே லைவ்ல ஏத்தணும்."

"நீங்க ஏத்துங்க மேடம். நான் இனி அந்தப் பக்கமே வர மாட்டேன். கனெக்ஷனையே அழிச்சிட்டேன்."

அவள் அவருடைய நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்ததும், எடிட்டரைத் திறந்து, புதிய கனெக்ஷன் என்பதை அழுத்தினாள். முதல் கட்டம் காலியாக வந்து நின்றது.

"பேர் கேக்குது அண்ணாச்சி."

நயினார் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார்.

மரியபுஷ்பம்.

பிரம்மசக்தி அதைப் படித்தாள். பாஸ்வேர்டைத் தானே அடித்தாள். மவுஸை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

"இப்போ கை வைங்க."